மாதம்மாள் களத்தில் முந்நூறு கோடி ஆண்டு

ஞாயிறு காலை ஏழு மணி. மைசூர் ஹெப்பாளில் பஸ் ஏறினோம். தலைக்கு நானூற்றைம்பது ரூபாய், டிபனும் அதில் அடக்கம். பூமி பிறந்த கதையைக் கல்லில் காட்டுகிறோம் என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். முப்பத்தெட்டு பேர், பெரும்பாலும் ஹெப்பாள் கம்பெனிகளின் ஆட்கள். ஏறும்போதே ஆளுக்கொரு சுத்தியல் கொடுத்தார்கள். கல் படிப்பவர்கள் உடைத்துத்தான் பார்ப்பார்களாம்.

ஒன்பதே கால். கொள்ளேகால் தாண்டி, எழுபத்தைந்தாவது கிலோமீட்டர். அறுத்த ராகிக் காட்டின் நடுவே, கல்யாணப் பந்தல் அகலத்துக்கு ஒரு மொட்டைப் பாறை. எங்களைக் கூட்டிவந்த பிரதீப் மைசூர்த் தமிழர்.

"நோடி, பாருங்க, இதுக்கு முந்நூறு கோடி வருஷத்துக்கு மேல வயசு. பூமி கொதிச்ச குழம்பா இருந்து, பால் மாதிரி ஏடு கட்டி, அதுக்கும் நூறு கோடி வருஷம் கழிச்சு இறுகின கல்லு. அப்ப தரையில ஒரு புல்லு கிடையாது. நாம மூச்சு விடுற காத்தே இல்ல. கடல்ல கண்ணுக்குத் தெரியாத உசுருங்க மட்டும்தான்."

ஏடு கட்டி என்றாரே, அந்தச் சொல்லில் சொக்கிப்போய்ப் பாறையில் கை வைத்தேன். அதற்குள் சுத்தியல்கள் இறங்கிவிட்டன. சில்லு தெறிக்க, ஆளாளுக்குத் துண்டு எடுத்துப் பையில் போட்டார்கள்.

விளக்குமாறோடு ஓடிவந்தார் நிலத்துக்காரி மாதம்மாள்.

"ஏனுங்க, இது என்ற களமுங்க. நாளைக்கு ராகி கொட்டோணும்னு நேத்துதான் கழுவி விட்டேன்."

"ஒரு துண்டு எடுத்தா குறைஞ்சா போயிடும், அம்மா?" என்றார் எங்களில் ஒருவர்.

"நீங்க ஒரு துண்டு. போன மாசம் வந்தவிங்க ஒரு துண்டு. பொளந்த சந்துல ராகி போகுது, ராகிக்குள்ள சில்லு வருது. களி திங்கறவன் பல்லு போனா என்னையத்தானுங்க வைவான்."

"இது சயின்ஸ், அம்மா," என்றார் இன்னொருவர்.

"இருக்கட்டுங்க. உங்கூட்டுத் தரைய ஒடச்சுப் படிங்க."

உடைக்காமல் பார்க்க வழியே இல்லையா என்று பிரதீப்பைக் கேட்டேன்.

"தண்ணி ஊத்தினாப் போதும் சார். வரியெல்லாம் பளிச்சுனு தெரியும்."

"பிறகு ஏனய்யா சுத்தியல்?"

"சும்மா பார்த்துட்டுப் போனா டூர் மாதிரி இருக்காதே சார்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு புல் முளைப்பதற்கு முன்னிருந்தே மழையும் வெயிலும் தாங்கிக் கிடந்த பாறை. டூர் மாதிரி இருக்கட்டும் என்று அதைக் கொத்துவதா? என் பாட்டிலைக் கவிழ்த்தேன். கறுப்பும் வெளுப்புமாக வரிகள் எழுந்து நெளிந்தன. முப்பத்தெட்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

"இதுக்கா இத்தனை கூத்து? களம் கழுவறப்பெல்லாம் நான் பாக்கறதுதானுங்க," என்றார் மாதம்மாள்.

பன்னிரண்டு மணிக்குப் பஸ் கிளம்பியது. நாங்கள் நான்கு பேர் மட்டும் அதில் ஏறாமல் நின்று, குந்தி உட்கார்ந்து சந்து சந்தாகச் சில்லு பொறுக்கினோம். ஐந்து மணிக்கும் கால்வாசிக் களம் பாக்கி.

"போதுங்க, கெளம்புங்க. நாளைக்கு முடியாட்டி நாளான்னிக்குக் கொட்டிக்கறேன்."

கவர்ன்மென்ட் பஸ்ஸில் மைசூர் திரும்பினேன். திங்கட்கிழமை ஹெப்பாளில் ஏசிக் காற்று வீசும். முப்பது மேசைகளில் காகிதம் பறக்காமலிருக்க, மாதம்மாளின் களம் துண்டு துண்டாக உட்கார்ந்திருக்கும்.