கடைசிக் குழிக்கு ஒரு டிக்கெட்

நினைவு நாணயம் சேர்ப்பதில் அந்த பஸ் கண்டக்டர், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர். பயணி கையிலிருந்து வந்த காசுதான் ஆல்பத்தில் சேரும். கடையில் வாங்கியது சேராது. அதனால் கப்பல் பொறித்த நாணயத்துக்கான கடைசிக் குழி வருஷக்கணக்காகக் காலியாகவே கிடந்தது. பொறுத்துப் பார்த்த மனைவி, அதைக் கடையில் வாங்கிவந்து பிறந்தநாளுக்கு நீட்டினாள்.

"தங்கமாவே இருந்தாலும் வாங்கினது சேராதும்மா!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை, பிதுங்கி வழிந்த பஸ்ஸில் அவர் முன்னால் ஒரு வளையல் கை நீண்டது. உள்ளங்கையில் அதே கப்பல். நிமிர்ந்தால், மனைவி!

"எங்க போகணும்?" பழக்கதோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

"உங்க ஆல்பத்துக்குத்தான். சீக்கிரம் கிழிங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் பல்லெல்லாம் தெரிய டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவளா விடுவாள்?

"மீதிச் சில்லறை?" என்றாள்.