எடை பார்க்காமல் தர மாட்டேன்

வெர்னா ஸ்டாக்கிக்கு ஐம்பத்தெட்டு வயது. அமெரிக்காவில் வயோமிங் மலையடிவாரத்தில் எங்கள் பட்டறையில் இருபது வருடமாகக் கார்களுக்குப் பின்னால் கேம்பர் என்கிற சக்கர வீட்டை இழுக்கக் கொக்கி மாட்டுகிறாள். கோபக்காரி. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு தம்பதி அவசரப்படுத்தினார்கள் என்று எடை பார்க்காமலே மாட்டி அனுப்பினாள். கணவாய் இறக்கத்தில் கேம்பர் கவிழ்ந்து அந்த அம்மாவுக்கு ஒரு கை போனது. அன்றிலிருந்துதான் இந்தக் கோபம். பாதி தன் மேலேயே.

போன ஜூனில் கர்டிஸ் ப்ளெவின்ஸ் வந்தான். பெரிய எஸ்யூவி, பின்னால் முப்பதடி கேம்பர். கூட மனைவி டாரா, இரண்டு பெண் குழந்தைகள்.

"கொஞ்சம் வால் ஆட்டுது. போல்ட்டை இறுக்கிக் குடும்மா."

வெர்னா சுற்றி வந்து பார்த்தாள். கேம்பரின் பின்கோடியில் ஜெனரேட்டர், விறகு, நாலு சைக்கிள்.

"பாரத்தையெல்லாம் வால்ல கட்டியிருக்கீங்க. ஆட்டாம என்ன செய்யும்? முன்னால மாத்துங்க, எடை போடுங்க, அப்புறம் பேசலாம்."

"கேம்பரை வித்தவன் என் வண்டி எதையும் இழுக்கும்னான்."

"இழுக்கும்யா! இறக்கத்துல நிக்குமா? ஆட ஆரம்பிச்சா என்ன செய்வ?"

"பிரேக் அடிப்பேன்."

"அடி. கேம்பர் உன்னைப் புரட்டிப் போடும். பிள்ளைங்க பின்சீட்லதானே?"

அவன் சிரித்தான். "ஸ்பேனர் பிடிக்கிற வேலையை மட்டும் பாரு கிழவி."

வெர்னா குனிந்து, கொக்கியை வண்டியோடு பிடித்திருந்த இரும்புப் பின்னை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கர்டிஸ் போலீஸைக் கூப்பிட்டான். வந்த லைல் எங்கள் ஊர்க்காரன்தான்.

"குடுத்துடு வெர்னா. இது திருட்டு."

"உள்ள போடு. எடை பாக்காம தர மாட்டேன்."

அப்போது டாரா வண்டியை விட்டு இறங்கினாள். "நேத்து ரெண்டு தடவை பக்கத்து லேனுக்கே நம்மள இழுத்துட்டுப் போச்சு கர்டிஸ். எடை போடு. இல்லேன்னா நாங்க பஸ்ல வீட்டுக்குப் போறோம்."

பாரத்தை முன்னால் மாற்றினோம். வெர்னாவே பின்னை மாட்டினாள். தானியக் கிடங்கின் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் வண்டி தாங்குவதைவிட எழுநூறு பவுண்டு அதிகம். கர்டிஸ் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தான், விறகையும் ஜெனரேட்டரையும் இறக்கிப் போட்டான். நன்றி சொல்லவில்லை. முதலாளியிடம் புகார் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்.

முதலாளி வெர்னாவிடம் இரண்டு வாரம் வேலைக்கு வராதே என்றார். அந்த இரண்டு வாரமும் அவள், அந்தக் கேம்பரை விற்ற கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வாங்க வந்தவர்களை ஒருவர் விடாமல் மறித்தாள்.

"உன் கார்க் கதவைத் திற. உள்ள ஸ்டிக்கர்ல எவ்வளவு தாங்கும்னு எழுதியிருக்கு. சத்தமா படி."

விற்பனைக்காரன் வெளியே வந்து கத்தினான். அவளும் கத்தினாள்.