கத்தாத டப்பா

எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று எவனுக்கும் தெரியாது. விடிவதற்கு முன் ஏதோ ஒரு நேரத்தில் வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பட்டினப்பாக்கத்தில் எங்கள் வரிசை வீடுகள் அத்தனைக்கும் அந்த ஒரு குழாய்தான். அப்பா கடலுக்குப் போய்விடுவார். அம்மாதான் காத்திருந்து பிடித்து, சோறு வடித்து வைத்துவிட்டு, அபிராமபுரத்தில் பாத்திரம் தேய்க்கும் வீட்டுக்கு ஓட வேண்டும். தாமதமாகப் போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக அந்த வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். கண்காட்சிக்காகப் பள்ளியில் ஆளுக்கொரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும், நாம் எழுதிக் கொடுப்பதைச் செய்யும். தண்ணீர் பட்டால் கத்தும்படி என்னுடையதைச் செய்தேன். குழாய் வாயில் இரண்டு ஒயர், பக்கத்தில் ஒரு பஸ்ஸர். அது கத்தும்வரை அம்மா தூங்கலாம்.

பள்ளிக் கம்ப்யூட்டரில் செருகினால் நன்றாகவே கத்தியது. தெருவில் எதில் செருகுவது?

மாமாவிடம் போனேன். தி.நகரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தார். செத்த லேப்டாப் பேட்டரி ஒன்றை உடைத்து, உள்ளேயிருந்து ஒரு லித்தியம் செல்லை உருவி, நேராக ஒயரைப் பற்றவைத்தார். போர்டில் இருந்த குட்டி விளக்கு மங்கலாக எரிந்தது. பஸ்ஸர் முனகக்கூட இல்லை.

"இன்னா மாமா, மூச்சே காணோம்?"

"செல்லு மூணே முக்கா வோல்ட்டு குடுக்குது. உன் போர்டு அஞ்சு கேக்குது. பெரிய தொரை அவரு."

மூன்றேமுக்காலை ஐந்தாக ஏற்றிக் கொடுக்கும் சர்க்யூட் துண்டு ஒன்றை நடுவில் சேர்த்தார். சார்ஜ் ஏற்ற இன்னொரு துண்டு. ஏறும்போது சிவப்பு எரியும், நிறைந்தால் நீலம். செல் ஒரேயடியாக வற்றிச் செத்துப்போகாமல் தடுக்க எதுவும் வேண்டாமா என்று கேட்டேன். "நம்ம சரக்குக்கு அதெல்லாம் வாணாம்" என்றார்.

டிபன் டப்பாவில் வைத்துக் குழாயில் கட்டினோம். மறுநாள் கத்தியது. அடுத்த நாளும் கத்தியது.

"இன்னாடி உன் டப்பா, பொணத்தகூட எழுப்பும் போல கீது" என்று பக்கத்து வீட்டு அக்கா திட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு பரீட்சை வந்தது. "நீ படி, டப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா. எங்கள் வரிசையில் மின்கசிவில் ஒரு வீடு எரிந்த பிறகு, ஆள் இல்லாத வீட்டில் யாரும் சுவிட்சைப் போட்டு வைப்பதில்லை. அம்மா வேலைக்கு, நான் பள்ளிக்கு. சாயங்காலம் அவள் டப்பாவைக் கழற்றி வந்து செருகி, சமைத்து முடித்ததும் மறுபடி குழாயில் கட்டிவிடுவாள்; அந்த நேரம் மட்டும் செல்லுக்குச் சார்ஜ் ஏறும். கத்தினாலும் கத்தாவிட்டாலும் போர்டு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சிவப்பு எரிவதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவேன். நீலம் வந்ததே இல்லை.

"கத்துச்சாம்மா?" என்று காலையில் கேட்பேன்.

"கத்தாம? உனக்குத்தான் காது அவுட்டு."

குடங்கள் நிறைந்திருக்கும். நம்பினேன்.

கண்காட்சியில் நடுவர் முன்னால் தண்ணீர் ஊற்றினேன். கத்தவில்லை. மறுபடி ஊற்றினேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நடுவர் செல்லில் மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"இது செத்துப் பல நாள் ஆயிருக்கும்மா."

"இன்னிக்குக் காலைலகூடக் கத்துச்சு சார்."

அதற்கும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் தரையில் அடித்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று கத்தினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "தண்ணி வந்துச்சில்ல? குடம் ரொம்புச்சில்ல? அப்பறம் இன்னா?" என்றாள்.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "உங்கம்மா தெனமும் குழாயாண்டதான் குந்திக்கினு இருந்துச்சு. அது நல்லா கத்துனப்பவும்தான். நீ ஆசையா செஞ்சன்னு சொல்லாம கீது."

எங்கள் தெருவில் குடம் இடம் பிடிக்கும். ஆனால் தண்ணீர் வரும்வரைதான். வந்த நொடியில் ஆள் நிற்காத குடத்தைக் காலால் தள்ளிவிட்டு அடுத்தவள் வைத்துவிடுவாள். டப்பா கத்தி, அம்மா எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும்தான்.

அப்போதும் அம்மாமேல்தான் எரிச்சலாக இருந்தது. சாப்பிடாமல் அடுத்த நாளே மாமா கடைக்கு ஓடினேன். செல் வற்றும் முன் அறுத்துவிடும் துண்டைப் போடலாம், இன்னும் பெரிய செல்லாகப் பார்க்கலாம் என்றார். சரியென்று தலையை ஆட்டினேன். நல்ல பேட்டரி மாட்டினால் அம்மா தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன்.

அபிராமபுரத்து வீட்டுக்கு லீவு நாளில் அம்மாவோடு போயிருக்கிறேன். அங்கே எந்த நேரத்தில் திருகினாலும் தண்ணீர் கொட்டும். அம்மா சோப்புப் போடும்போதுகூட அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்தவள்தான் நான். அங்கே யார் வீட்டிலும் கத்துகிற டப்பா ஏன் இல்லை என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.