பின்சக்கரத்தில் முன்னூற்று ஒன்று

ஒஹாயோவில் நான் வேலை செய்யும் ஊரில் காரை 'அது' என்று யாரும் சொல்வதில்லை. 'அவள்' என்கிறார்கள். இது தெரியாத முதல் மாதத்தில், வால்டர் என்ற எழுபது வயதுக்காரர் எங்கள் பட்டறைக்குள் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "முப்பது வருஷமாக என்னோடு இருக்கிறாள். இப்போது பழைய பலம் இல்லை. எதையும் மறைக்காமல் சொல்லிவிடு" என்றார். நான் பதறிப்போய், மனைவியை எந்த மருத்துவமனையில் சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் வாசலைக் காட்டினார். டிரெய்லர் மேல் சிவப்பு நிறத்தில் ஒரு மஸில் கார் நின்றுகொண்டிருந்தது. அறுபதுகளில் செய்த, இரண்டே கதவுள்ள, நீண்ட மூக்குக்குள் எட்டு சிலிண்டர் எஞ்சினை அடைத்துவைத்த அமெரிக்க வண்டி.

இப்படிப்பட்ட பழைய வண்டிகளை இங்கே ஆசைஆசையாக மாற்றிக் கட்டுகிறார்கள். கட்டி முடித்ததும் எத்தனை ஹார்ஸ்பவர் என்று தெரிய வேண்டும். அதை அளந்து சொல்வது என் வேலை. வண்டியின் பின்சக்கரங்களைப் பெரிய உருளைகள் மேல் நிறுத்தி, சங்கிலியால் கட்டி, எஞ்சினை முழு வீச்சில் முடுக்கினால், உருளை சுற்றும் வேகத்தை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்குச் சொல்லிவிடும். டைனோ என்பார்கள். வால்டர் நானூறு என்று நம்பியிருந்தார். டைனோ இருநூற்றுத் தொண்ணூறு என்றது. அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார். ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிக்கொள்வதுபோல இங்கே பலரும் எண்ணை வாங்கிக்கொள்கிறார்கள். நானும் பதினாறு வருடங்களில் முகத்தைப் பார்க்காமல் எண்ணைச் சொல்லப் பழகிவிட்டேன்.

என் அண்ணன் பிரான்சிஸுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை. அடையாற்றில் ஒரு பங்களாவின் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் மக்கிக்கொண்டிருந்த அமெரிக்க வண்டியைப் பல வருடங்களுக்கு முன் வாங்கிவந்தான். எந்தத் தூதரக அதிகாரியோ விட்டுப்போனது. தகரத்தை வெட்டி ஒட்டினான், எஞ்சினைப் பிரித்துக் கட்டினான், எஞ்சினுக்குக் கூடுதல் காற்றும் பெட்ரோலும் ஊட்டப் பெரிய கேம்ஷாஃப்டும் கார்புரேட்டரும் வரவழைத்துப் போட்டான். மயிலாப்பூரில் நாங்கள் வளர்ந்த வீட்டில் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய ஸ்கூட்டரின் சைலன்சரை அண்ணன் பத்தாம் வகுப்பிலேயே கழற்றி ஏதோ செய்து, அப்பா பூசைக்குப் போனால் மாதா கோயிலுக்குள் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஆக்கினான். சத்தம் கூடினால் வேகம் கூடும் என்பது அவன் அன்றைய நம்பிக்கை. ஐம்பதை நெருங்கியும் அது முழுதாகப் போகவில்லை என்பதை இந்த மே மாதம் விடுமுறைக்குப் போனபோது கண்டேன்.

பட்டறையில் வண்டியை முடுக்கிவிட்டு, "இன்னா சத்தம் பாத்தியா! நானூத்தம்பது ஹார்ஸ்பவர் கீது" என்றான்.

"சத்தம் வேற, பவர் வேற அண்ணா. அளந்து பாத்தியா?"

"அளக்கத்தான் நீ வந்துகீறியே."

கிழக்குக் கடற்கரைச் சாலை மைதானம் ஒன்றில் பழைய வண்டிக்காரர்கள் கூடும் கண்காட்சி அடுத்த வாரம் இருந்தது. முடிவில் சிறிய நேர்ச்சாலைப் பந்தயமும் உண்டு. நானூற்றைம்பது என்று அவன் ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். வண்டி முன் வைக்கும் பலகையில் அந்த எண்ணைப் போட, ஆதாரமாக ஓர் அளவுத் தாள் தேவைப்பட்டது. அமெரிக்காவில் இதே வேலை செய்யும் தங்கை கையெழுத்துப் போட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அவன் கணக்கு.

தெரிந்த ஒருவரின் பட்டறையில் டைனோ இருந்தது. மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் இருநூற்று அறுபத்தெட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு வருவதற்குள் கியரிலும் அச்சிலும் கொஞ்சம் போய்விடும். அதைச் சேர்த்தாலும் முன்னூற்று முப்பத்தைந்தைத் தாண்டாது. வேகம் ஏற ஏற எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவதும் திரையில் தெரிந்தது. அதைச் சொன்னேன். அவன் எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் ஏத்திப் போடேன், ஸ்டெல்லா."

ஏற்ற முடியும். அறையின் வெப்பத்தைக் கம்ப்யூட்டரில் கூட்டி எழுதினால், வெயிலில் பலம் குறைந்திருக்கிறது என்று அது தானாக ஈடு கட்டிக் கொடுத்துவிடும். விரல் விசைப்பலகை மேல்தான் இருந்தது. அண்ணன் என் முகத்தையே பார்த்தான். யாருக்கும் நஷ்டமில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் "முடியாதுண்ணா" என்றேன்.

"அங்க எவனோ கிழவனுக்குச் சொல்ற மாதிரியே எனக்கும் சொல்றியா? நீ அந்த ஊருக்காரியாவே ஆயிட்ட."

அங்கே எண்ணைச் சொன்னதும் வேலை முடிந்துவிடும். அந்த ஆளை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. இங்கே ஒரு மணி நேரத்தில் மயிலாப்பூர் வீட்டில் அம்மா பரிமாறும் மேசையில் அவனுக்கு எதிரே உட்கார வேண்டியிருந்தது. அம்மா இரண்டு தட்டுகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மீன் குழம்பு உறைப்பா என்று கேட்டார். இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். சாப்பிட்டதும் அவன் பாலவாக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டான். இரண்டு நாள் பேச்சில்லை. உண்மை சொன்னதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. பதினாறு வருடமாக வெளிநாட்டில் இருந்துவிட்டு, வந்த இடத்தில் அவன் பல வருட உழைப்பைத் திரையில் ஓர் எண்ணாகக் காட்டிவிட்டேனே என்றிருந்தது.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது.

"அன்னிக்கு பெட்ரோல் கம்மியா வருதுன்னு இன்னாவோ சொன்னல்ல? ப்ளக்கைக் கழட்டிப் பாத்தேன். சுண்ணாம்பு மாரி வெளுத்துக் கீது."

ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கு ஓடினேன். பெட்ரோல் போதாமல் எஞ்சின் அளவுக்குமீறிச் சூடானால்தான் ஸ்பார்க் ப்ளக் அப்படி வெளுக்கும். பந்தயத்தில் அவன் முழுவதும் மிதித்திருந்தால் பிஸ்டன் உருகி, வண்டி அங்கேயே நின்றிருக்கும். இருவரும் டேங்கிலிருந்து குழாயைத் தடவிக்கொண்டே வந்தோம். ஜாக்கி வைத்த இடத்தில் பழைய குழாய் நசுங்கிக் கிடந்தது. அகலமான புதுக் குழாய் போட்டோம். அன்று முழுக்க எங்கள் பேச்சு ஸ்பேனர் அளவைப் பற்றி மட்டுமே. மறுநாள் டைனோவில் முன்னூற்று ஒன்று வந்தது. நான் தாளை நீட்டினேன். அவன் பார்த்துவிட்டு, "பலகையில அந்த ஒண்ணையும் சேத்தே எழுதிடு" என்றான்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை முடிந்து போனோம். ஐந்நூறு, நானூற்றெண்பது என்ற பலகைகளுக்கு நடுவே அண்ணனின் பலகையில் 'பின்சக்கரத்தில் 301' என்றிருந்தது. பார்க்க வந்த ஒருவர், "இன்னா சார், உன் வண்டி மட்டும் கம்மியாக் கீது?" என்றார்.

"அதெல்லாம் வாயால சொன்னது. இது அளந்தது" என்றான் அண்ணன்.

பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான். முன்னால் போன இரண்டும் எடை குறைந்த வண்டிகள். ஐந்நூறு என்ற பலகைக்காரர் அவனுக்குப் பின்னால் வந்தார். அவரே வந்து எங்கே அளந்தீர்கள் என்று விசாரித்தபோது அண்ணன் என்னைக் கை காட்டினான். "என் தங்கச்சி. மைலாப்பூர்" என்றான். அமெரிக்காவைச் சொல்லவில்லை.

திரும்பும்போது அந்த வண்டியிலேயே வீட்டுக்கு வந்தோம். அமெரிக்க வண்டி என்பதால் ஸ்டியரிங் இடப்பக்கம். அண்ணன் அங்கே இருந்து ஓட்ட, இந்த ஊரில் ஓட்டுநர் உட்காரும் வலப்பக்கத்தில் நான் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். அடையாறு சிக்னலை நெருங்கும்போது ஓர் ஆட்டோ எங்கள் வலப்பக்கம் உரசுவதுபோல் வந்தது. ஓட்டுநர் தலையை நீட்டி, "யக்கா, பாத்து ஓட்டுக்கா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். நான் ஓட்டவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.