வக்கீலுக்கு நான் செய்துவைத்த கலியாணம்

என் மனைவியின் தங்கையை நான் ஒருமுறை பொய் சொல்லி ஏமாற்றினேன். ஒரு நாவலின் கடைசிப் பாகத்தை வாசிப்பதுபோலப் பாவனை செய்து, அதில் இல்லாத கலியாணம் ஒன்றை என் வாயாலேயே நடத்திவைத்தேன். அதைக் கொண்டு, அவள் விரும்பாத ஒரு சம்பந்தத்துக்கு அவளைத் தலையாட்டவும் வைத்தேன். நான் செய்தவற்றில் இதை நினைத்தால்தான் இன்றும் முகம் சுடுகிறது. கூடவே சிரிப்பும் வருகிறது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அது முப்பதுகளின் நடுப்பகுதி. மட்டக்களப்பு நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியர். எங்கள் பகுதி வழக்கப்படி கலியாணமானதும் மனைவி வீட்டுக்கே குடிபோயிருந்தேன். வாவிக்கரையை ஒட்டி, வேலிக்குள் வீடும் நிலமுமாக ஒரு வளவு. மாமனார் பெரும்பாலும் வயல்வெளியான வட்டையிலேயே கிடந்து வெள்ளாமையைப் பார்ப்பார். வீட்டை ஆண்டவர் மாமி. அவருக்கு அடுத்தபடி வாய் உள்ளவள் மச்சாள், அதாவது மனைவியின் தங்கை. அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே மதிப்பு, நான் கதை வாசிப்பவன் என்பது.

எங்கள் தலைமை ஆசிரியருக்குச் சென்னையிலிருந்து மாதம் ஒரு பாகமாக ஒரு காதல் நாவல் வந்துகொண்டிருந்தது. அவர் வாசித்து முடித்ததும் எனக்கு இரவல் தருவார். திங்கட்கிழமை காலையில் புத்தகம் அவர் மேசைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் முற்றத்தில் வாசிப்பு. அக்கம்பக்கத்துப் பெண்கள் இறால் உடைத்துக்கொண்டு கேட்பார்கள். நாவலின் நாயகிக்கு ஆசிரியர் வைத்த பெயர் யாருக்கும் நாக்கில் வரவில்லை. எல்லாருக்கும் அவள் "நம்மட புள்ள". அவளை விரும்பியவர்கள் இருவர். ஒருவர் பணக்கார வக்கீல், மற்றவர் கப்பல் கம்பனிக் கிளாக்கர்.

கொம்புமுறி பார்த்த ஊர்க்காரரிடம் இப்படி ஒரு கதையைக் கொடுத்தால் என்ன நடக்கும்? அம்மன் கோயிலில் வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி இழுக்கும். எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரிக்குத் தோல்வி. வென்றவர் பாடும் வசையைத் தோற்றவர் கேட்டுக்கொள்ள வேண்டும். அது அம்மனின் தீர்ப்பு, அதற்கு மறுபேச்சு இல்லை. எங்கள் முற்றமும் அப்படியே பிரிந்தது. வக்கீல் பக்கம் வடசேரி, தலைவி மாமி. கிளாக்கர் பக்கம் தென்சேரி, தலைவி மச்சாள்.

அந்தச் சமயத்தில் மச்சாளுக்கு ஒரு சம்பந்தம் பேசினோம். மாப்பிள்ளை சித்தாண்டியிலிருந்த என் சின்னம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறை. பேச்சைத் தொடங்கியவன் நான்தான். மச்சாள் பிடிகொடுக்கவில்லை.

"ஆளக் கண்ணால காணாம எப்பிடிம்மா ஓமெண்டு சொல்லுற? நம்மட புள்ள ரெண்டு பேரையும் பாத்துத்தானே யோசிக்கிறா?"

மாமி இறால் தலையைக் கிள்ளி எறிந்தார். "அப்ப நம்மட புள்ளையே முடிவு சொல்லட்டும்கா. அவ வக்கீலக் கட்டினா நீ சித்தாண்டிக்கு ஓமெண்டு சொல்லு. கிளாக்கரக் கட்டினா நான் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இரண்டு சேரியும் கைதட்டிவிட்டது. மச்சாளும் "சரி" என்றுவிட்டாள். நானோ சின்னம்மாவிடம் காரியம் முடிந்த மாதிரித்தான் என்று முன்னமே பெருமையடித்திருந்தேன்.

கடைசிப் பாகம் வந்தது. சனிக்கிழமை தனியாக இருந்து வாசித்துப் பார்த்தேன். இத்தனை மாதம் எங்களைக் கட்டியிழுத்த அந்த நாவலாசிரியருக்கு என்ன நேர்ந்ததோ தெரியாது. முதல் பக்கத்திலேயே நாயகி காசிக்கு ரயில் ஏறிவிட்டாள். அடுத்த ஸ்டேசனில் ஒரு சாமியார் ஏறினார். அவர் பேசத் தொடங்கினார். புத்தகம் முடியும்வரை நிறுத்தவில்லை. வக்கீலைப் பற்றி ஒரே ஒரு வரி, அவருக்குக் காய்ச்சலாம். கிளாக்கரை ஆசிரியர் அடியோடு மறந்துபோயிருந்தார். கலியாணம் என்ற பேச்சே இல்லை.

ஞாயிறு பின்னேரம் புத்தகத்தை விரித்தேன். எல்லாக் கண்ணும் என் மேல். சாமியார் ரயிலில் ஏறும் இடம் வந்தது. நான் அவரை ஏறவிடவில்லை. நாயகியை ரயிலிலிருந்து இறக்கினேன். வக்கீலைக் காரில் கொண்டுவந்து ஸ்டேசனில் நிறுத்தினேன். பந்தல் போட்டேன், மேளம் கொட்டினேன், தாலியும் கட்டுவித்தேன். பந்தியில் இறால் பொரியல்கூடப் பரிமாறினேன். மடிசார் கட்டிய பிராமணர் வீட்டுக் கலியாணத்தில் இறால் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லார் கையிலும் இறால் இருந்தது.

வடசேரி எழுந்து ஆடியது. மச்சாள் மட்டும் அசையவில்லை.

"நம்மட புள்ள அப்பிடி ஓமெண்டு சொல்லமாட்டா, அத்தான்."

"புத்தகத்தில அப்பிடித்தானே கிடக்கு."

"எங்க, தாங்க பாப்பம்."

"ஈரக் கையோட தொடாத புள்ள. தலைமை வாத்தியார்ட புத்தகம்."

அவள் தன் ஈரக் கையைப் பார்த்தாள், பிறகு நீட்டியதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "கொம்பு முறிஞ்சா மறுபேச்சு இல்லதானே. சித்தாண்டிக்காரர வரச் சொல்லுங்க" என்றாள். அவளைச் சுற்றி நின்று வென்றவர்கள் பாடிய வசைப்பாட்டுக்கு அவளும் சேர்ந்து சிரித்தாள். தம்பிக்கு அன்றைக்கே சேதி அனுப்பினேன்.

சில நாட்கள் எனக்கு நல்ல தூக்கம். ஒரு நாள் காலை, பள்ளிக்கூடம் போக வெள்ளை வேட்டி உடுத்துக் கிணற்றடிக்கு வந்தேன். மச்சாள் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அத்தான், ஒண்டு கேக்கட்டா? நம்மட புள்ள கழுத்த நீட்டக்க என்ன நினைச்சிருப்பா? அது எழுதிக் கிடக்கா? எழுதிக் கிடந்தா சொல்லுங்க. எனக்கும் உதவும்."

கேலியாகக் கேட்கவில்லை. அந்தப் பெண் எப்படித் தாங்கினாள் என்று தெரிந்தால் தானும் தாங்கலாம் என்று கேட்டாள். நானோ கலியாணத்தை நடத்திவைத்தேனே தவிர, கழுத்தை நீட்டியவளைப் பற்றி ஒரு சொல்லும் யோசித்திருக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

மச்சாள் வாளித் தண்ணீரை அப்படியே என் தலையில் கவிழ்த்தாள். இன்னொரு வாளி அள்ளினாள். அதையும் ஊற்றினாள்.

"படிச்ச மனிசனெண்டு நம்பித்தானே பக்கத்தில இரிந்து கேட்டன்? இந்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால உள்ளத உள்ளபடி வாசிங்க. ஒரு சொல்லு விடக்கூடாது."

தலைமை ஆசிரியரிடம் மறுபடி புத்தகம் கேட்டேன். "இதையா இரண்டாம் தரம் கேக்கிறீர்? எனக்கு ஒரு தரமே பெரும் பாடாய்ப் போச்சு" என்று ஆச்சரியப்பட்டுத் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, போன முறை வாசித்தது பொய் என்று முதலில் சொன்னேன். பிறகு உண்மையான பாகத்தை வாசிக்கத் தொடங்கினேன். சாமியார் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். முற்றத்தில் இறால் உடைபடும் சத்தம் மட்டும் கேட்டது. கோபத்தில் இருந்த மாமியே கடைசியில் பொறுக்க முடியாமல், "மருமகன், அந்த ரயில் இன்னும் காசிக்குப் போய்ச் சேரல்லியா?" என்றார்.

"அந்தச் சாமியார இடையில ஒரு ஸ்டேசன்ல இறக்கி உடுங்களன்!" என்றாள் அடுத்த வளவுக்காரி, வடசேரியில் முன்வரிசையில் நின்று ஆடியவள்.

"கிளாக்கர் எங்ககா?"

"கிளாக்கர் கடலுக்க போயிட்டார்போல."

இரண்டு சேரியும் முதல் முறையாக ஒன்றாகச் சேர்ந்து நாவலாசிரியரைத் திட்டின. பிறகு ஒன்றாகச் சேர்ந்து என்னைத் திட்டின. வாசித்து முடித்ததும் மாமி தீர்ப்புச் சொன்னார். "கொம்பு முறியல்ல. ரெண்டும் வழுகிப் போயிற்றுது. அதால பந்தயமும் இல்ல, வாக்கும் இல்ல." மச்சாள் பக்கம் திரும்பி, "ஆனா அந்தப் பொடியன ஒருக்காப் பாரு மகள்" என்றார்.

"பாக்கிறன். பாத்துப்போட்டு ஓமெண்டாலும் இல்லையெண்டாலும் நான்தான் சொல்லுவன்."

சித்தாண்டிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சின்னம்மா என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. தம்பி கேட்டிருந்துவிட்டு, வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறேன் என்றான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மச்சாள் அவனுக்கு எதிரே உட்கார்ந்து பேசினாள். எருமைகளைப் பற்றி அவன் சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளேயிருந்து பார்த்த நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். அவன் போனதும் அவள் சொன்னாள்:

"நல்ல மனிசன். ஆனா எனக்கில்ல."

தம்பிக்கு அது வலித்தது. நான் அனுப்பிய சேதியை நம்பி, அவன் தன் மனத்தில் வீடுவரை கட்டிவைத்திருந்தானாம். அதற்கு ஈடாக ஒவ்வொரு வெள்ளாமை வெட்டுக்கும் நான் போய் அவன் வயலில் நின்று கதிர் அறுத்தேன். கொஞ்ச காலம் அவன் என்னோடு பேசவே இல்லை. பேசத் தொடங்கிய பிறகும், எங்கள் வீட்டுக்கு மட்டும் வரமாட்டான். அதை என்னால் சரிசெய்ய முடியவில்லை.

தலைமை ஆசிரியருக்கு அடுத்த நாவல் வரத் தொடங்கியது. இந்த முறை மச்சாள் இறால் உடைக்க உட்காரவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு என் தோளோடு ஒட்டி உட்கார்ந்து, நான் வாசிக்கும் வரிகளிலேயே கண்ணை ஓட்டினாள். களைப்பில் ஒரு வரி தாண்டினாலும், "அத்தான், மேல ஒண்டு கிடக்கு" என்பாள்.

இரண்டு வருஷம் போல் கழித்து, இடிந்த கிணற்றுக் கட்டைக் கட்ட ஒரு மேசன் எங்கள் வளவுக்கு வந்தார். ஒரு கிழமையில் முடிய வேண்டிய வேலை வாரக்கணக்காக இழுத்துக்கொண்டே போனது. ஒரு பின்னேரம் மச்சாள் மாமியிடம் வந்து, "இந்தாள எனக்குப் பிடிச்சிரிக்கி" என்றாள். மாமி திகைத்துப்போய், எதையாவது சொல்லேன் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.