முதலில் விலை, பிறகு பாட்டரி

ஏழைபாழையும் வாங்கும்படி பாட்டரி கார் செய்யப்போகிறேன் என்று மாம்பலத்தில் கொட்டகை போட்டார் என் அக்கா புருஷர். நல்ல நாள் தவறக்கூடாதாம். விஜயதசமியன்றே விலையை அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டிவிட்டார். பாட்டரி விலையை மறுவாரம்தான் விசாரித்தார். அது ஒன்றே கார் விலையைத் தாண்டியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பாட்டரி வாங்க அக்காவின் வளையலைக் கேட்டு வந்து நின்றார்.

"நூறு வண்டி வித்தா லாபம் தானா வரும், மச்சான்."

"ஒண்ணு வித்தாலே நஷ்டமா கீது. நூறு வித்தா இன்னா ஆவும், மாமா?" என்றேன்.

அக்கா அவரிடம் பேசவில்லை, என்னிடம்தான் சொன்னாள்: "கழட்ட மாட்டேன்னு சொல்லுடா உன் மாமாகிட்ட."

சொன்னேன். ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.