ஒட்டு இறகு

வளவனூர் செந்தாமரையை ஊரில் ‘கோழிக்காரி’ என்பார்கள். கேலியாகத்தான் சொல்வார்கள், அவள் காதில் அது பட்டம் மாதிரி விழும். இரண்டு காணியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கரும்பும் பார்த்த நேரம் போக, ஒன்பது வருஷமாகக் கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்க்கிறாள். சண்டைக்கு விடுவதற்கு இல்லை, சாமி, கண்காட்சியில் நிறுத்துவதற்கு. மூக்கு கிளிக்கு இருப்பதுபோல வளைய வேண்டும், வால் தரையைத் தொட்டு விரிய வேண்டும்.

கேப்பையை முளைகட்டிப் போடுவது, வால் அழுக்காகாமல் மணல் பரப்புவது எல்லாம் அவள் வேலை. கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போவது மட்டும் புருஷன் கிருஷ்ணசாமி. பரிசு அறிவிக்கும்போது மைக்கில் வருவதும் அவர் பெயர்தான். அவர் கெட்டவர் இல்லை, பாவம். இவள்தான் வாய் திறக்கவில்லை. இந்த வருஷம் திறந்துவிட்டாள்.

"என் பேருல எழுதிக்கினு நானே போறேங்க."

"போயேன், யாரு வேணான்னது?"

அட, இதற்கா ஒன்பது வருஷம்!

திண்டிவனம் கண்காட்சிக்குப் போகிற பஸ்ஸில் வந்தது வினை. கூடைக்கு வெளியே துணி சுற்றி நீட்டியிருந்த வாலை, யாரோ இறங்குகிற அவசரத்தில் மிதித்துவிட்டார்கள். மண்டபத்தில் அவிழ்த்துப் பார்த்தால் நடு இறகு பாதியில் முறிந்திருந்தது. மேசையோரம் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

பக்கத்து மேசைக்காரர் முருகையன், கிருஷ்ணசாமிக்குப் பழகியவர். "இன்னாத்துக்கு அழுவுற தங்கச்சி? போன வருஷம் இது உதிர்த்த இறகு வச்சிருக்கியா?"

பையில் வைத்திருந்தாள். முறிந்த தண்டுக்குள் ஊசியைச் செருகி, ஒரு துளி பசை வைத்து, பழைய இறகைக் கைதேர்ந்தவராக ஒட்டிக் கொடுத்தார். "இதோட இறகுதானே, இதுல இன்னா தப்பு? ஜல்தியா நிறுத்து."

நடுவர் மூக்கைப் பார்த்தார், வாலைத் தள்ளி நின்று பார்த்தார், தலையாட்டினார். கடைசிச் சுற்றுக்கு நின்ற மூன்றில் இதுவும் ஒன்று. "மொதப் பரிசு உனக்குத்தான்" என்று கிசுகிசுத்தார் முருகையன்.

செந்தாமரைக்குச் சந்தோஷமே வரவில்லை. புருஷன் பெயரில் எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள், சத்தியமாக. இப்போது மேசைச் சீட்டில் இருந்தது அவள் பெயர். ஆசைப்பட்டு எழுதிய முதல் நாளே அதில் ஒரு பொய்யா? எழுந்து நடுவரிடம் போனாள்.

"ஐயா, நடு இறகு ஒட்டுனதுங்க. பஸ்ஸுல ஒடிஞ்சிபோச்சு."

நடுவர் நிமிர்ந்தார். "அடடா! ஒடிஞ்சதோட நிறுத்தியிருந்தா ரெண்டு மார்க்குதாம்மா போயிருக்கும். ஒட்டுனா போட்டியிலயே இல்ல."

"தெரியாதுங்க."

முருகையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் அலறியது: "மேசை பதினேழு, வளவனூர் செந்தாமரை, ஒட்டு இறகு, போட்டியிலிருந்து நீக்கம்." மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது.

சேவலைக் கூடையில் வைக்கும்போது கிருஷ்ணசாமி போன் பண்ணினார்.

"இன்னாச்சு? உன் பேர மைக்குல சொன்னாங்களா?"

"சொன்னாங்க. இறகு ஒட்டுனதுக்கு சொன்னாங்க. நானே போய் ஒத்துக்கினேன்." குரல் உடைந்துவிட்டது.

கிருஷ்ணசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"செந்தாமரை... ரெண்டு வருஷம் முன்ன மொதப் பரிசு வாங்கினோமே. அதுக்கும் முருகையன்தான் ஒட்டிக் குடுத்தான். நான் யாருகிட்டயும் சொல்லல."

அந்தப் பரிசுக்காக அன்று தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தவள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது உங்க பேருலயே இருக்கட்டுங்க" என்றாள்.